சட்டத்தை மீறியவர்களுக்கு ஏன் சிலை?

கேள்வி: டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. பத்தாவது வரைதான் படித்தேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ‘உலக விடுதலை வீரர்களும் உரிமைப் போராளிகளும்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஏழு நிமிடம் பேச வேண்டும். போனில் தேடி 22 பேரின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறாள். பாதியில் சிக்கிக்கொண்டு அழுகிறாள். போன வாரம் ரெட்டை ஜடை போடாமல் போனதற்கு வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி, “இவங்க எல்லாருமே சட்டத்த மீறுனவங்கதானேம்மா? அவங்களுக்குச் சிலை வைக்கிறாங்க, என்னை மட்டும் வெளியில நிக்க வைக்கிறாங்களே?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பேச்சை எப்படித் தயார் செய்வது, அவளுக்கு என்ன சொல்வது?
— ஒரு தாய், கடலூர் முதுநகர்

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு கேள்வி கேட்டிருப்பதாக நினைக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. மகள் ராத்திரி கேட்டாளே, அதுதான் பேச்சு. அந்த 22 பேர் பட்டியலை மடித்து அலமாரியில் வைத்துவிடச் சொல்லுங்கள். அவள் கேட்ட வாக்கியத்தை, அவள் கேட்ட மாதிரியே, மேடையில் முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். கூட்டத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து உட்காரும். நடுவர்களும்தான்.

இதை நான் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. புதுச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். ஒரு பையன் மூச்சு விடாமல் முப்பது தலைவர்களை வருஷத்தோடு ஒப்பித்தான். முதல் பரிசு கொடுத்தோம். அடுத்து வந்த பெண் பிள்ளை ஒரே ஒருவரைப் பற்றி, திக்கித் திக்கிப் பேசினாள், மூன்றாம் பரிசு. பையன் சொன்ன முப்பதில் ஒன்றுகூட இன்றைக்கு என் நினைவில் இல்லை. அந்தப் பெண் உப்புக் காய்ச்சுகிறவர்களின் காலைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது. அந்த மதிப்பெண் தாளைத் திரும்பக் கொடுத்தால் மாற்றிப் போடுவேன்.

இப்போது மகளின் கேள்வி. இதே கேள்வியை 1963 ஏப்ரலில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கிடமும் கேட்டார்கள். கேட்டவர்கள் எட்டு வெள்ளைக்கார மதகுருமார்கள். அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் ஊர்வலம் போகக் கூடாது என்ற தடையை மீறி அவர் சிறையில் இருந்தார். சில சட்டங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறாய், சிலதை மீறச் சொல்கிறாய், இது என்ன நியாயம் என்பதுதான் விவாதம். செய்தித்தாளின் ஓரங்களில் பதில் எழுத ஆரம்பித்தார் கிங். அதில் சட்டத்தை உரசிப் பார்க்க ஒரு கல் கொடுத்திருக்கிறார். பெரும்பான்மை தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளாமல் சிறுபான்மையை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டமா? அந்தச் சட்டம் வரும்போது, கட்டுப்பட வேண்டியவர்களுக்கு ஓட்டு இருந்ததா? ஓட்டே இல்லாமல் ஒரு சாரார் தலையில் மட்டும் விழுந்த சட்டம் அநியாயச் சட்டம். அதை மீறலாம். ஆனால் மீறுகிறவர் ஒளிந்து மீறக் கூடாது. எல்லாரும் பார்க்க மீறி, தண்டனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காந்தி செய்ததும் இதுதான். 1922 மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில், “ஆமாம், செய்தேன், இருக்கிற தண்டனையில் பெரியதைக் கொடுங்கள்” என்ற பொருள்படப் பேசி ஆறு வருடம் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கல்லை மகள் கையில் கொடுத்து, ரெட்டை ஜடையை உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் ஒரே விதிதான். யாரையும் தாழ்த்த வந்த விதியாகத் தெரியவில்லை. சிலை வைக்கிற அளவுக்கு அநியாயம் இல்லை என்று அவளே சொல்லிவிடுவாள். (பையன்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் மகளுக்கும் அந்த வயதில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் வெளியே நிற்க வைப்பதற்குப் பதிலாக வேறு வழி பாருங்கள் என்று நீங்கள் ஒருமுறை வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசலாம். பத்தாவதுதான் படித்தேன் என்று தயங்க வேண்டாம்.)

பேச்சுக்கு ஆட்களைத் தேடி அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதற்கு முன்னால், உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்து சேரும் எங்கள் ஊர் கதை ஒன்று சொல்கிறேன். இது ஒரு ஜோடி பூட்ஸின் கதை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சி. புதுச்சேரி நீதிமன்றத்தில் பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஒரு தமிழ் வக்கீல். பிரெஞ்சு வக்கீல்கள் பூட்ஸ் காலோடு உள்ளே போய் வாதாடலாம். தமிழர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 1873-இல் பொன்னுத்தம்பி ஐரோப்பிய பாணியில் பூட்ஸும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார். வாதாட விடவில்லை. வேறு யாராவது என்றால் வீட்டுக்குப் போய் பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள். இவர் வழக்கைப் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்துவிட்டார்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை ஒன்று வந்தது. தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்கிறவர்கள் பிரெஞ்சுக்காரருக்குச் சமமான உரிமை கேட்கலாம். பொன்னுத்தம்பி ‘லப்போர்த்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். இன்றைக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு தமிழ் பேசுகிறவர்களையும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ வீடுகளையும் பார்க்கலாம். சாதியின் பிடியிலிருந்து தப்பிக்க அந்தக் கதவைப் பயன்படுத்தியவர்கள் பலர். சமமாக நடத்த வேண்டுமென்றால் முதலில் உன் பெயரை மாற்று என்று கேட்பது என்ன சமத்துவம் என்று எனக்குக் கோபமும் வரும். இரண்டும் ஒரே கதைக்குள் இருக்கிறது. நிமிடக் கணக்கு இடித்தால் இந்த வாலை மகள் விட்டுவிடலாம். பூட்ஸை விடக் கூடாது.

ஏனென்றால் அடுத்து வரப்போவது பஸ்.

மகளின் பட்டியலில் ரோசா பார்க்ஸ் கண்டிப்பாக இருப்பார். ‘கால் வலித்த ஒரு ஏழைத் தையல்காரம்மா வெள்ளைக்காரருக்கு இடம் கொடுக்க மறுத்தார்’ என்று எழுதியிருப்பாள். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் வரிசையில் அல்ல. கறுப்பர்களுக்கு விட்ட பகுதியின் முதல் வரிசையில். முன்பகுதி நிறைந்தால் அந்த இடத்தையும் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அவருக்கு வயது 42. துணிக் கடையில் தையல் வேலை என்பது உண்மை. அதோடு, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்தவர். அந்தக் கோடையில்தான் போராட்டப் பயிற்சிக்கும் போய் வந்திருந்தார். உடம்புக் களைப்பால் உட்கார்ந்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து வந்த களைப்புதான் என்று பிற்பாடு அவரே விளக்கியிருக்கிறார். கால் வலி என்று சொல்லிவிட்டால் அந்தப் பயிற்சியும் சங்கமும் கூட்டமும் எல்லாம் காணாமல் போய்விடும்.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் சிபாரிசு செய்வது ரோசா பார்க்ஸை அல்ல. அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2-இல், அதே ஊரில் அதே மாதிரி எழுந்திருக்க மறுத்த கிளாடெட் கோல்வினை. வயது 15. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். வகுப்பில் கறுப்பின மக்களின் வரலாறு படித்துக்கொண்டிருந்தார்கள். அடிமைத்தனத்தை எதிர்த்த ஹாரியட் டப்மனும் சொஜர்னர் ட்ரூத்தும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அழுத்தியது போல இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை என்று பிறகு சொன்னாள். வரலாறு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா, நீங்களே சொல்லுங்கள். போலீஸ் வந்து இழுத்துப் போய் விலங்கு மாட்டியது.

அவளை ஏன் உலகத்துக்குத் தெரியவில்லை? சின்னப் பெண், ஏழைக் குடும்பம், கொஞ்ச நாளில் கர்ப்பமாகவும் ஆனாள். ஊரைத் திரட்ட இந்த முகம் சரிப்படாது என்று தலைவர்கள் நினைத்தார்கள். இதை ஒன்பதாம் வகுப்பு மேடையில் எவ்வளவு சொல்வது என்பதை நீங்களும் மகளும் பேசி முடிவு செய்யுங்கள். மறைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பிறகு ரோசா பார்க்ஸ் கைதானபோது, ஊர்க் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தினார்கள். 381 நாள். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையிலும் மாலையிலும் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறை வைத்து ஆள் ஏற்றினார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிங்குக்கு அப்போது வயது 26. இன்னொரு பக்கம் நீதிமன்றத்தில் பஸ் விதியையே எதிர்த்து நான்கு பெண்கள் வழக்குப் போட்டார்கள். அதில் ஒருத்தி கோல்வின். 1956-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது அந்த வழக்குதான். கிளாடெட்டின் பெயரில் இருந்த பழைய சிறார் வழக்குப் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021-இல். அப்போது அவருக்கு வயது 82.

மகள் வயதில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், நம் மொழி பேசியவள். 1860-இலிருந்து தென்னாப்பிரிக்காவின் நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களில் அன்றைய தென்னார்க்காடு ஜில்லாக்காரர்களும் உண்டு. உங்கள் தெருவிலேயேகூட யாரோ ஒருவரின் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அப்படிப் போயிருக்கலாம். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி. தோட்டக் கூலிக்கு அது பல மாதச் சம்பளம். போதாததற்கு 1913 மார்ச்சில் ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்ற அர்த்தத்தில் தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டிய பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிவிட்டது. அதுவரை பின்னால் நின்ற பெண்கள் முன்னால் வந்தது அன்றுதான்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை, தாயோடு சேர்ந்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டும் போராட்டத்தில் இறங்கினாள். மூன்று மாதம் கடுங்காவல். சிறையில் காய்ச்சல். முன்னதாகவே விடுகிறோம் என்றபோது மறுத்தாள். வெளியே வந்து சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்துபோனாள். கடைசியாகப் பார்க்கப் போன காந்தி, சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டிருக்கிறார். மறுபடியும் போகத் தயார் என்றாள். அதே வருடம் வரி ஒழிந்தது, கல்யாணங்களும் செல்லுபடியாயின. அவள் அதைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் மகள் கொஞ்சம் நிறுத்தட்டும். கையை ஆட்ட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொன்னால் போதும்.

அடுத்து உங்கள் தெருவுக்கே வந்துவிடுகிறேன். 22 பேரில் கடலூர் அஞ்சலையம்மாள் இல்லை என்று நினைக்கிறேன்; இருந்தால் மன்னியுங்கள். முதுநகரில் 1890-இல் பிறந்தவர். 1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் என்பவனின் சிலையை அகற்றச் சொல்லிப் போராட்டம் நடந்தது. 1857 எழுச்சியை அடக்குகிறேன் என்று வடக்கே கண்டபடி ஆட்களைத் தூக்கில் போட்டவன் நீல். அஞ்சலையம்மாள் அங்கே தனியாகப் போகவில்லை. ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் சிறைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைக்கு லீலாவதி என்று பெயரிட்டு, தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார் காந்தி. பத்து வருடம் கழித்து, 1937-இல் காங்கிரஸ் மந்திரிசபை வந்ததும், நீல் சிலை சாலையிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே வருடத் தேர்தலில் அஞ்சலையம்மாளும் சட்டசபைக்குப் போனார்.

இடையில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. நிறைமாத கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்தவரைப் பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்ததும் கைக்குழந்தையோடு மீதித் தண்டனையை அனுபவிக்கத் திரும்பிப் போனார். பையனுக்கு ஜெயில்வீரன் என்று பெயர். 1934-இல் காந்தி கடலூர் வந்தபோது, அவரை இவர் சந்திக்கக் கூடாதென்று தடை. பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ச் சந்தித்தார். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தி சொன்னது இவரைத்தான். ஒளிந்து மீறக் கூடாது என்று கிங் சொன்னாரே, பர்தா போட்டது ஒளிவு இல்லையா என்று மகள் கேட்பாள். கேட்க வேண்டும். இதில் ஒரே பதில் கிடையாது. அவளுக்குத் தோன்றுவதை மேடையில் சொல்லட்டும்.

மண்டேலாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் மேடைகளில் அவரைத் ‘தென்னாப்பிரிக்காவின் காந்தி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவரும் முதலில் அகிம்சை வழியில்தான் போனார். 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில்லில், கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாளச் சீட்டை எதிர்த்துக் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அவர் கட்சியையும் தடை செய்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் ஆயுதப் பிரிவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்று 1985-இல் அரசு பேரம் பேசியபோது மறுத்தார். அந்தப் பதிலை ஸ்வெட்டோ மைதானத்தில் கூட்டத்தின் முன் வாசித்தது அவர் மகள் சின்ட்சி. மொத்தம் 27 வருடம் சிறை. கிங்கின் கல்லில் இவரை உரசினால் முழுதாகத் தேறமாட்டார். அதற்காக அவரை ஒதுக்கவும் முடியாது, அவர் செய்ததை மூடி மறைக்கவும் கூடாது. ஓட்டே இல்லாத ஒருவரிடம் எவ்வளவு காலம் பொறுமையைக் கேட்கலாம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மகள் நகர்ந்துவிடட்டும்.

மற்றவர்கள் விஷயத்தில் கை இறுக்கமாக இருங்கள். பொலிவார், கரிபால்டி, ஹோ சி மின் எல்லாரும் பெரியவர்கள்தான். ஏழு நிமிடத்தில் இடமில்லை. ஹெய்ட்டித் தீவின் அடிமைகளை வழிநடத்திய டூசான் லூவெர்த்தூரை விட எனக்கே மனசு வரவில்லை. எங்கள் கடற்கரையில் பறந்த அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த தீவு அது. 1803-இல் அவர் பிரெஞ்சுச் சிறையில் செத்தார், 1804 ஜனவரி 1-இல் ஹெய்ட்டி விடுதலை அடைந்தது. ஆனாலும் விட்டுவிடுங்கள். அடுத்த வருடப் போட்டிக்கு ஆகும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில் வாசலில் சுடப்பட்ட 12 தொழிலாளர்களையும், அங்கே தொழிற்சங்கத்தைக் கட்டிய வ. சுப்பையாவையும்கூட அப்படித்தான் எடுத்து வையுங்கள். எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது அதற்குப் பிறகுதான். நின்றுகொண்டே ஜவுளிக் கடையில் வேலை செய்கிற உங்களுக்கு அந்தக் கதை மகளைவிட நன்றாகப் புரியும்.

இனி செய்ய வேண்டியது. ஏழு நிமிடத்தில் மகளின் கேள்விக்கு அரை நிமிடம். பூட்ஸ், பஸ், எல்லை, சிலை என்று நாலு இடம். ஒவ்வொன்றிலும் விதி என்ன, அது யாரை மட்டும் கட்டியது, மீறியவர் என்ன கொடுத்தார் என்று மூன்றையும் சொல்லிவிட வேண்டும். பிறந்த தேதி யாருக்கும் வேண்டாம். அந்தப் பெண்களின் வயதை மட்டும் சொன்னால் போதும். 9, 15, 16. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது அது. வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்யக் கூடாது. நாலு இடத்துக்கும் ஆளுக்கொரு சின்னத் துண்டுச் சீட்டு, அதில் இரண்டு மூன்று சொல். இடையில் மறந்தால் அடுத்த சீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. ‘மாண்புமிகு நடுவர் அவர்களே’ என்று ஒரு நிமிடத்தைக் கரைக்க வேண்டாம். ஒரு வணக்கம் போதும்.

தயாரானதும் ஒரு ராத்திரி நீங்கள் கடையிலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும். எங்கே உங்களுக்குப் புரியவில்லையோ அங்கே கையைத் தூக்குங்கள். பாதி ராத்திரியானாலும் பரவாயில்லை, கை தூக்கிய இடத்தை மட்டும் அவள் திருத்தி எழுதட்டும். போட்டியன்று காலையில் ரெட்டை ஜடை போட்டே அனுப்புங்கள்.